இரண்டு கையெழுத்து

முறம் 71,404. பூட்டு 71,402. நோட்டா 612.

நான் செத்து, என்னை எரித்த சாம்பலைக் கிளறினாலும் இந்த மூன்று எண்களும் அதில் கிடக்கும். நெடுவிளைத் தொகுதியில் வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய பலகையில் ஒளிர்ந்த எண்கள் அவை. என் பெயர் ஐகோர்ட்துரை. முறம் கட்சியின் தொகுதி ஏஜென்ட். முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்சிக்கு நாயாக உழைத்தவன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தவன்.

மாநிலம் முழுக்க மற்ற எல்லா இடத்திலும் எங்களுக்கு மண்ணைக் கவ்விய தோல்வி. போன தேர்தலிலும் ஒரு சீட்டுகூட இல்லை. தொடர்ந்து இரண்டு சட்டசபைகளில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத கட்சியின் பதிவு ரத்தாகும், சின்னம் பறிபோகும், அந்தப் பெயரில் யாரும் மறுபடி கட்சி தொடங்க முடியாது. 2058-இல் வந்த விதி அது. நெடுவிளையின் இரண்டு ஓட்டு நின்றால் கட்சி நிற்கும். இல்லாவிட்டால் முறம் என்பது பழையபடி அரிசி புடைக்கிற சாமான், அவ்வளவுதான்.

இரண்டு ஓட்டு அப்படியே நிற்பதற்கு ஓட்டுப் போட்டவர்கள் சாகாமல் இருக்க வேண்டும். எல்லாருடைய இடது மணிக்கட்டிலும் நெல்மணி அளவுக்கு ஒரு நாடிச்சில்லு இருக்கிறதல்லவா, ஓட்டு அதோடு பிணைந்தது. நாடி நின்றால் ஓட்டும் போச்சு. செத்தவர்கள் ஓட்டுப் போட்டே ஆட்சிகள் வந்துபோன நாட்டில் இந்தச் சட்டத்தை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். நானும் தட்டினேன். வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் மூன்று நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு மறு எண்ணிக்கை. அதுவரை பலகை உயிரோடு இருக்கும். தொகுதியில் ஒருவர் இறந்தால் அவர் யாருக்குப் போட்டாரோ அந்த எண்ணில் ஒன்று குறையும். ஊரே பார்க்கலாம். யார் இறந்தார் என்ற பெயர் மட்டும் முன்னணியில் இருக்கும் இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளின் போனுக்கு வரும், பிறகு அழிந்துவிடும்.

அந்த இன்னொரு ஏஜென்ட் என் மச்சான் பொன்னுலிங்கம். என் மனைவி பிரம்மசக்தியின் அண்ணன்.

பூட்டு என்பது முப்பது வருஷம் முன்னால் முறத்திலிருந்து உடைந்து போன கட்சி. உடைந்த அன்று நானும் அவரும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். பிரம்மசக்தி தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ரெண்டு பேரும் சாப்பிடுதீங்களா என்று கேட்டாள். அரசியலைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

பலகையைப் பார்த்து எங்கள் பையன்கள் பட்டாசு தேடிக்கொண்டிருக்கும்போது மகள் நிறைமதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறவள், அம்மாவைப் பார்ப்பதற்காக லீவு போட்டு வந்திருந்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு மூச்சுத் திணறுது. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லுதாங்க. தொண்டையில கொழாய் போடக் கூடாதுன்னு அம்மாவே எழுதிக் குடுத்திருக்கால்லா. வலி தெரியாம மருந்து குடுத்துப் பாத்துக்கிடலாம்ங்காங்க.”

கணையத்தில் புற்று. எட்டு மாசமாகப் படுக்கை. மூன்று வாரம் முன்னால் தேர்தல்காரர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து அவளிடம் ஓட்டு வாங்கிப் போனார்கள். நான் வாசலில் நின்றேன். யார் யார் எங்கள் ஓட்டு என்று நான் குறித்துவைக்கும் பூத் நோட்டில் அவள் பெயருக்கு நேரே முப்பது வருஷமாக டிக்.

“கொழாயப் போடச் சொல்லு,” என்றேன். “நான் வந்துக்கிட்டிருக்கேன்.”

“அப்பா, அவ எழுதிக் குடுத்திருக்கா.”

“போடச் சொல்லுதேம்லாட்டி!”

ஆஸ்பத்திரியில் பொன்னுலிங்கம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி மேல் பாசம் என்று நினைத்தேன். அவர் மடியில் பூட்டுக் கட்சியின் பூத் நோட்டு இருந்தது.

டாக்டர் பெனடிக்டா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன உருவம், அதட்டாத குரல்.

“அம்மாவோட விருப்பப்படி சிகிச்சைய நிறுத்தணும். ஆனா மறு எண்ணிக்கை முடியறவரைக்கும் இந்தத் தொகுதி வாக்காளர் யாருக்கும் நான் அப்படிச் செய்ய முடியாது, அதனாலதான் குழாயும் போட வேண்டியதாச்சு. ரெண்டு கட்சி ஏஜென்ட்டும் கையெழுத்துப் போடணும். போன தேர்தல்ல ஒரு ஊர்ல நோயாளிகள ஆள் வெச்சுச் சாகடிச்சாங்க, அதுக்காகக் கொண்டுவந்த விதி இது. உங்கள மாதிரி ஒரே குடும்பத்துல ரெண்டு ஏஜென்ட்டும் வருவாங்கன்னு எழுதினவங்க நெனச்சிருக்க மாட்டாங்க.” அவர் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். “போட்டுட்டீங்கன்னா நிம்மதியாப் போயிடுவாங்க.”

நானும் பொன்னுலிங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது இந்த அறையில் நடந்தது. இரண்டு பேரும் தாளைத் தொடவில்லை.

“மூணு நாள்தான டாக்டர்,” என்றார் அவர்.

“மூணே நாள்,” என்றேன் நான்.

மறுநாள் காலையில் டாக்டர் மறுபடி வந்தார். வலி மருந்தைக் கூட்ட வேண்டும், ஆனால் கூட்டினால் நாடி இறங்கும் என்றார். நாடி முப்பதுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றால் சில்லு அவளை இறந்தவள் என்று எழுதிவிடும். அப்புறம் அவள் எழுந்து உட்கார்ந்தாலும் அந்த ஓட்டு திரும்பாது.

“அப்ப மருந்தக் குறைங்க,” என்றேன்.

“கூட்டணும்னு சொல்றேன், நீங்க குறைக்கச் சொல்றீங்க.”

“ஆமா.”

வலி மருந்தைக் குறைக்கச் சொன்னது நான்தான். வேறு யார் மீதும் பழி போட எனக்கு ஆசையில்லை. பொன்னுலிங்கம் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான் அவர் பங்கு.

அன்று மத்தியானம் அவளைப் பார்க்க விட்டார்கள். குழாய் வாயில் இருந்ததால் பேச முடியாது. நர்ஸ் எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தாள். பிரம்மசக்தி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டுப் பலகையில் எழுதினாள்.

“போதும்.”

“ரெண்டு நாள்தாம்மா,” என்றேன். “பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்க. கட்சியே உன் கையிலதான் இருக்கு.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுதியதற்குக் கீழே மறுபடி அதையே எழுதினாள், இந்த முறை பெரிதாக. அவள் நெற்றியைத் தடவினேன், உண்மை. ஆனால் வெளியே வந்து தடவிய கையாலேயே போனை எடுத்துப் பலகையைப் பார்த்தேன். முறம் 71,402. பூட்டு 71,400. ஆளுக்கு இரண்டு பேர் காலி, முன்னிலை அப்படியே இருந்தது. எனக்குப் பசி எடுத்தது.

ஐ.சி.யூ. வராந்தாவில் ஒரு டிவி இருந்தது, அதில் எந்நேரமும் பலகைதான். அதன் கீழே இரண்டு நாற்காலிகளில் நாங்கள் இரண்டு பேரும் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் ஆட்கள் எங்கள் டிக் வீடுகளுக்கெல்லாம் போய் வயசாளிகளைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல், மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஆட்களும் அதையேதான் செய்தார்கள். நெடுவிளையில் முதியவர்களுக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. பிச்சைக்கண்ணு, வயது எண்பத்திரண்டு, இறப்பு.

எனக்குச் சுருக்கென்றது. பிச்சைக்கண்ணு எங்கள் கட்சிக் கொடிமரத்தில் நாற்பது வருஷம் கொடி ஏற்றியவர். மார்பில் முறத்தைப் பச்சை குத்திக்கொண்டவர். என் நோட்டில் அவருக்கு டிக் போட்டு, பிரியத்தில் அதைச் சுற்றி இன்னொரு கோடும் போட்டிருந்தேன். ஒன்று போச்சே என்று தலையை நிமிர்த்தி டிவியைப் பார்த்தேன்.

குறைந்தது பூட்டு.

பொன்னுலிங்கமும் பார்த்தார். அவர் நோட்டில் பிச்சைக்கண்ணுவுக்கு இன்டு போட்டிருந்தது, எட்டிப் பார்த்தேன். மார்பில் எங்களைக் குத்திக்கொண்டு விரலால் அவர்களைக் குத்தியிருக்கிறான் கிழவன். எத்தனை தேர்தலாகவோ! அன்று ராத்திரி நோட்டைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதில் ஒன்பதாயிரம் டிக் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது பத்துக்குப் பலகை இப்படி நின்றது. முறம் 71,397. பூட்டு 71,397. நோட்டா அதே 612, அதை யார் பார்த்தார்கள்.

சமமாக இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். முப்பத்தொரு வருஷ உழைப்பு ஒரு குடத்துக்குள் இரண்டு துண்டுத் தாளாகக் கிடக்கும். இன்னும் ஐம்பது நிமிஷம். உள்ளே பிரம்மசக்தியின் முனகல் குழாயையும் மீறி வராந்தாவரை கேட்டது. வாய் அடைபட்ட மனுஷி அப்படிச் சத்தம் எழுப்ப முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“இவ போய்ட்டாள்னா நான் ஒண்ணுல தோத்தேன்,” என்றேன் பெருமூச்சோடு.

பொன்னுலிங்கம் திரும்பினார். “நீரா? நான்லா தோப்பேன்.”

“என்னவே சொல்லுதீரு?”

“எந்தங்கச்சி எனக்குத்தான போடுவா. ஒவ்வொரு தேர்தலுக்கும் வெத்தல பாக்கு வெச்சுக் கேப்பேன். ‘உனக்குத்தாம்ணே, வேற யாருக்கு’ம்பா.”

“எங்கிட்ட, உங்களுக்கு இல்லாம யாருக்குன்னு சொல்லுவா.”

இரண்டு பேரும் நோட்டைத் திறந்து காட்டிக்கொண்டோம். அவர் நோட்டிலும் டிக், என் நோட்டிலும் டிக். டிவியில் எண்கள் அசையாமல் நின்றன. எனக்குள் பிச்சைக்கண்ணு மார்பைத் திறந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் என்னை ஏமாற்றியிருந்தால்? பிறந்த வீட்டுப் பாசத்தில் பூட்டுக்குக் குத்தியிருந்தால்? அப்படியானால் அவள் மூச்சு இப்போது நிற்பதுதான் எங்களுக்கு நல்லது. நின்றால் நாங்கள் ஒன்றில் ஜெயிப்போம். இந்த எண்ணம் வந்ததும் எனக்கு அவள் முனகல் தாங்க முடியாததாகப் போய்விட்டது. அதுவரை தாங்கியிருந்தேன்.

“மச்சான்,” என்றேன் மெதுவாக. “பாவம்வே அவ. கையெழுத்தப் போட்டுருவமா?”

பொன்னுலிங்கத்தின் கண் சுருங்கியது. “இப்ப என்ன திடீர் பாவம்? அவ எனக்குப் போட்டிருக்கான்னு உமக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. மாட்டேன்.”

ஐந்து நிமிஷம் போனது. அவர் தொண்டையைச் செருமினார். “மாப்ள, எனக்கும் மனசு கேக்கல. போட்டுருவோம்.”

உடனே எனக்குச் சந்தேகம். இவருக்கு என்ன தெரியும்? “மாட்டேன்,” என்றேன்.

இப்படியே நாங்கள் மாற்றி மாற்றிப் பேசினோம். ஒருவன் அவள் சாகட்டும் என்றால் மற்றவனுக்கு அவள் வாழ வேண்டும். எந்த நிமிஷமும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் இரக்கம் வரவில்லை. நிறைமதி எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் என்னிடம் கெஞ்சி அலுத்துப் போயிருந்தாள். இப்போது முகத்தில் அழுகைகூட இல்லை, வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போடும்போது வருகிற முகம்.

அவள் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். இரண்டு நிமிஷத்தில் தனியாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மா பூட்டுக்குத்தான் போட்டிருக்கா. ஓட்டுப் போட்ட அன்னைக்கு எங்கிட்ட மட்டும் சொன்னா. மாமாவுக்கு இது தெரியாது.”

கட்டிய மனைவி முப்பது வருஷம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று கேட்டதும் ஒரு மனுஷனுக்குக் கோபம் வர வேண்டும், இல்லையென்றால் துக்கமாவது வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது கழித்தல் கணக்கு. 71,397-இல் ஒன்று போனால் 71,396. நாங்கள் ஒன்று கூட. கட்சி பிழைத்தது.

“உன் மாமன் கையெழுத்துப் போட மாட்டானே?”

“தங்கச்சி படுத பாட்டப் பாத்து அவருக்கு மனசு எளகிட்டு. இப்ப போடுவாரு. நீங்க போடுவீங்களா?”

“கொண்டா,” என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு டாக்டர் அறையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பொன்னுலிங்கம் தலையைக் குனிந்து வேகமாகக் கிறுக்கினார். அவர் உதடு லேசாகத் துடித்தது. ஏமாளி, பாசத்தில் தன் கட்சியைத் தானே குழி தோண்டிப் புதைக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

“நீங்க மனசு மாறுவீங்கன்னு நான் நெனைக்கல. நன்றி,” என்றார்.

நிறைமதி உள்ளே போனாள். வலி மருந்தைக் கூட்டினார்கள், குழாயை எடுத்தார்கள். முனகல் நின்றது. நாங்கள் உள்ளே போகவில்லை. டிவி வராந்தாவில் இருந்தது.

நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பூட்டின் கடைசி ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் முறத்தின் ஏழில் இருந்ததைப் பிறகுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன். ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு இரண்டு போன்களும் ஒன்றாக அடித்தன. பிரம்மசக்தி, வயது ஐம்பத்தெட்டு, இறப்பு.

முறம் 71,397. பூட்டு 71,397.

இரண்டும் அசையவில்லை. பலகை கெட்டுவிட்டது என்று பொன்னுலிங்கம் கத்தினார். நானும் கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். பிறகு என் கண் தானாகக் கீழே இறங்கியது. யாரும் பார்க்காத அந்த மூன்றாவது வரி.

நோட்டா 611.

முப்பது வருஷம். அத்தனை தேர்தலிலும் வெற்றிலை பாக்கு, அத்தனை தேர்தலிலும் உங்களுக்கு இல்லாம யாருக்கு. அவள் வலியில் கிடந்த மூன்று நாளில் எந்த நிமிஷம் செத்திருந்தாலும் என் கட்சிக்கு ஒரு மயிரும் நட்டமில்லை. முதல் நாளே போயிருக்கலாம். மருந்தோடு, தூக்கத்தோடு, மகள் மடியில். நான் பொன்னுலிங்கத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எதற்காகக் கையெழுத்துப் போட்டோம் என்பது அந்தப் பார்வையில் இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது. அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

பத்தே காலுக்குக் குடத்தைக் குலுக்கினார்கள். முறம் வந்தது.

கட்சி பிழைத்தது. எனக்கு மாலை போட்டார்கள், அவளுக்கும் போட்டார்கள், இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மாலை. தலைவர் நேரில் வந்து, கடைசி மூச்சுவரை கட்சிக்காகப் போராடிய சகோதரி என்று மைக்கில் பேசினார். ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு நோட்டாவில் குறைந்த ஒன்று அவளுடையது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நிறைமதிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பூட்டுக் கட்சியும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் இந்தச் சுவரில் எங்கள் போஸ்டர், எதிர்ச் சுவரில் அவர்கள் போஸ்டர், இரண்டிலும் அதே போட்டோ. எங்களதில் அவள் கையில் முறம் கொடுத்திருந்தார்கள். அவர்களதில் சாவிக்கொத்து.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நிறைமதி ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம், இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

“ஏட்டி, அவ நோட்டாவுக்குப் போட்டது உனக்கு முன்னாலயே தெரியும், இல்லியா? அதனாலதான் துணிஞ்சு எங்கிட்ட பூட்டுன்னும் அவன்ட்ட முறம்னும் சொன்ன.”

“தெரியாதுப்பா.”

“பொய் சொல்லாத. உண்மையிலயே முறத்துக்குப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? கட்சி அன்னைக்கே முடிஞ்சிருக்குமே.”

“முடிஞ்சிருக்கும்,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “அம்மா யாருக்குப் போட்டான்னு நான் கேக்கவே இல்ல. அவளும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் எதுக்குன்னா கையெழுத்துப் போடுவீங்கன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சுவரில் அவள் அம்மா முறத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நிறைமதி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.